பெயர் பொறித்த பாத்திரம்

அரபு மொழியின் சொல்லாக்க இலக்கணமாகிய ‘ஸர்ஃப்’ பயிலத் தொடங்கும் மாணாக்கர்க்கு நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ‘அரஃப’ என்றால் அறிந்தான் என்பது பொருள். அந்த வேரினின்று ‘தஃரீஃப்’ என்னும் சொல் பிறக்கும். ஒன்றைப் பிறர்க்கு அறிவித்தலை அது குறிக்கும். அறிவிப்பவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர். அதே வேரினின்று ‘தஆருஃப்’ என்னும் சொல்லும் பிறக்கும். இருவர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளுதலை அது குறிக்கும். மாந்தரைப் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் இறைவன் ஆக்கியதன் நோக்கத்தைச் சொல்லுமிடத்துத் திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய ‘அல்ஹுஜுராத்’ எடுத்தாள்வது இந்த இரண்டாம் வடிவத்தையே.

முப்பது ஆண்டுகளாக இதனை நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்திருக்கிறோம். ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு எத்தகையது என்பதை எமக்கு உணர்த்தியது எந்த மத்ரஸாவும் அன்று. எமது இல்லத்தின் பின்கட்டு அறையில் ஒன்பது மாதங்கள் தங்கித் தமிழ் பயின்ற ஓர் அமெரிக்க மாணவியே அதனை உணர்த்தினாள். அந்த வரலாற்றை வாசக நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதில் எமக்குப் பெருமை சேர்ப்பது மிகக் குறைவு என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறோம்.

மதுரை மாநகர்க்கு இத்தகைய மாணவர்கள் புதியவர்கள் அல்லர். 1881இல் அமெரிக்க மதுரை மிஷனாரால் தொடங்கப்பெற்ற அமெரிக்கன் கல்லூரிக்கும், 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் நிறுவிய லேடி டோக் கல்லூரிக்கும், ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த ஷான்சி என்னும் அமைப்பின் வாயிலாக இளம் பட்டதாரிகள் வந்து தங்கிச் சென்றிருக்கிறார்கள். அவ்வமைப்பு முதலில் சீன தேசத்தில் பணி செய்தது. அங்கே வாயில் அடைபட்ட பின்னர் 1950களில் மதுரையின் பக்கம் திரும்பிற்று. 1961இல் தோன்றிய அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் என்னும் நிறுவனமும் தமிழ் பயிற்றுவிப்பதற்கு மதுரையையே தேர்ந்துகொண்டது. நான்மாடக் கூடலில் பேசப்படும் தமிழைக் கற்க வேண்டுமாயின் கூடலில் குடியிருந்து கற்பதே முறை என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் நிகழ்வுகளுக்குப் பின், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளிலிருந்து பள்ளி மாணவர்களை அழைத்து, அமெரிக்கக் குடும்பங்களோடு ஓராண்டு தங்கச் செய்யும் திட்டமொன்று 2002இல் தொடங்கப்பெற்றது. கென்னடி, லூகர் என்னும் இரு செனட்டர்களின் பெயரால் அது வழங்கிற்று. இந்திய மாணவர்களும் அதில் இடம் பெற்றார்கள். தங்கும் வீட்டாருக்குத் தம் நாட்டையும் பண்பாட்டையும் எடுத்துச் சொல்வதும் அம்மாணவர்களின் கடமைகளுள் ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளை தன் நாட்டுக்கே தூதனாகப் போய் நிற்கிறது! சிறிய தோளுக்குப் பெரிய சுமைதான்.

எம் இல்லம் தேடி வந்த மாணவி இருபத்திரண்டு வயதினள். காஜிமார் தெருவை அடுத்த சந்தொன்றில் எமது வீடு. ‘ஒழுக்கமுள்ள குடும்பம், வீட்டில் ஒத்த வயதுப் பெண்ணும் இருக்கிறாள்’ என்று நண்பர் ஒருவர் எம்மைப் பரிந்துரைத்தார். பின்கட்டு அறை காலியாக இருந்தது. மாதந்தோறும் ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார்கள். அத்தொகை எமக்கு வேண்டியிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்ஷா அல்லாஹ் வரட்டும் என்றோம்.

அவள் வந்த முதல் நாளிலிருந்தே நாம் ‘தஃரீஃப்’ தொடங்கிவிட்டோம். விருந்து என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை என்றும், வீட்டுக்குப் புதிதாய் வருபவரே விருந்தினர் என்றும், முகம் கோணி நோக்கினாலே விருந்தினர் உள்ளம் வாடிப்போகும் என்று வள்ளுவர் அனிச்ச மலரை வைத்து உணர்த்தினார் என்றும் சொன்னோம். அரபுத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட எம் பாட்டனார் காலத்து நூல்களைக் காட்டினோம். உமறுப்புலவரைச் சொன்னோம். அவளும் எழுதிக்கொண்டே இருந்தாள். தெருவார் எம்மை அழைப்பது போலவே அவளும் ‘ஹஜ்ரத்’ என்றே அழைத்தாள். எம் துணைவியாரை அம்மா என்றாள். எம்மைக் காட்டிலும் திருத்தமாக ழகரத்தை ஒலித்தாள்.

ஒருநாள் உண்ணும்போது புளிக்குழம்பைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். புளி என்றோம். ‘டாமரிண்டா?’ என்றாள். எமக்கு உற்சாகம் பிறந்தது. “அம்மா, நீ சொன்னது ஆங்கிலம் அன்று, அரபு. ‘தம்ர் ஹிந்தீ’ என்றால் இந்தியப் பேரீச்சை. அதுவே உங்கள் மொழியில் டாமரிண்ட் ஆயிற்று” என்றோம். அத்தோடு நில்லாமல், அதே புளி இதே மதுரையில் ஓர் உயிரைக் காத்த வரலாற்றையும் சொன்னோம்.

தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1340களில் மதுரைக்கு வந்தார். அப்பொழுது இங்கே ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா மணந்திருந்த பெண்மணியும் உடன்பிறந்தவர்கள். ஆகவே அவர் வழிப்போக்கர் மட்டும் அல்லர், உறவினரும் கூட. அவர் வந்த வேளையில் நகரைக் கொள்ளைநோய் சூழ்ந்திருந்தது. அவரையும் கடுங்காய்ச்சல் பற்றிற்று. இங்கே மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்து அருந்தியதாகவும், வயிறு கழிந்து மூன்று நாட்களில் இறையருளால் நலம் பெற்றதாகவும் அவர் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். 1355இல் ஃபெஸ் நகரில் அவர் சொல்ல இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதி முடித்த நூல் அது.

அவள் வியந்து கேட்டாள். பிறகு, “அவர் மதுரையைப் பற்றி வேறு என்ன எழுதினார், ஹஜ்ரத்?” என்றாள். நாம் சற்றே தயங்கினோம். ஏனெனில் அந்தச் சுல்தான் போரில் பிடிபட்டவர்களை மட்டுமின்றி அவர்களின் பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்றதைக் கண்டு மனம் கசந்து, இஃது இழிசெயல் என்று அவர் எழுதியிருக்கிறார். ஒளிக்காமல் சொன்னோம். “அப்படியானால் அவர் நல்ல விருந்தாளி” என்றாள் அவள். அப்பொழுது அச்சொல்லின் ஆழம் எமக்கு விளங்கவில்லை.

அவள் தன் நாட்டைப் பற்றிச் சொன்னவற்றை நாம் கதை கேட்பது போலக் கேட்டோம். அயோவா என்னும் மாநிலம். அதன் வடகிழக்கே சிற்றூர் ஒன்றில் வேளாண் குடும்பம். அவளது ஊரிலிருந்து சிறு தொலைவில் எல்கேடர் என்று ஓர் ஊர் உண்டாம். பெயரைக் கேட்டதும் எழுதிக் காட்டச் சொன்னோம். திகைத்துப் போனோம். பிரெஞ்சுப் படையை எதிர்த்து 1832 முதல் 1847 வரை அல்ஜீரியாவில் போராடிய அமீர் அப்துல் காதிர் அவர்களின் பெயர் அது! அவர் புகழைச் செய்தித்தாளில் படித்த அமெரிக்கக் குடியேறிகள், அவரைக் கண்ணால் காணாமலே, 1846இல் தங்கள் புதிய ஊருக்கு அப்பெயரை வைத்தார்கள். 1860இல் டமாஸ்கஸில் கலகம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் பாதுகாப்பில் வைத்துக் காத்தவரும் அவரே. அதற்கு நன்றியாக ஆபிரகாம் லிங்கன் கைத்துப்பாக்கிகள் இரண்டை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். நாம் சிரித்துக்கொண்டே ஒரு குறையும் சொன்னோம்: “அடிமை என்று பொருள்படும் ‘அப்து’ என்பதை விட்டுவிட்டீர்களே! காதிர் என்பது வல்லோனாகிய இறைவனின் பெயர். அடியாரை விட்டுவிட்டு ஆண்டவனின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டீர்கள்.” அவள், “அப்படியானால் இன்னும் நல்ல பெயர்தானே” என்றாள்.

அதே மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1934இல் கட்டப்பெற்ற பள்ளிவாசல் ஒன்று இன்றும் நிற்கிறது. பள்ளிவாசலாகவே கட்டப்பெற்று அமெரிக்காவில் நின்று நிலவுவனவற்றுள் அதுவே பழமையானது. அமெரிக்கத் தாய்ப்பள்ளி என்றே அதனை அழைக்கிறார்கள். சிரியா, லெபனான் நிலப்பகுதியிலிருந்து குடியேறியோர் கட்டியது. பள்ளிப் பருவத்தில் அங்கே போயிருந்ததாக அவள் சொன்னபோது, எம் துணைவியார் அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்கள்.

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி கூறும் நாள். 1863இல் லிங்கன் அதனை நாடு முழுமைக்கும் உரியதாக அறிவித்தார். அன்று வான்கோழியும் பரங்கிக்காய்ப் பணியாரமும் சமைத்துச் சுற்றத்தார் கூடி உண்பார்களாம். எமக்குச் சமைத்துத் தர விரும்பினாள். வான்கோழி கிடைக்கவில்லை, ஹலாலாக அறுத்த நாட்டுக்கோழி கிடைத்தது. பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் பாலும் முட்டையும் பட்டையும் சேர்த்து, மாவுத் தட்டில் ஊற்றினாள். சுடுவதற்கு அடுப்பில்லை. தெருமுனை பேக்கரிக்காரர் ரொட்டி சுட்டு முடித்த சூட்டில் அதனை வைத்துத் தந்தார். எம் இளைய மகன் ஒரு துண்டு தின்றுவிட்டு, “அல்வாவை ரொட்டிக்குள் வைத்தது போல் இருக்கிறது” என்றான்.

அன்றைய விருந்தில் பெயர்களைப் பற்றியே பேச்சு வளர்ந்தது. பரங்கி என்பது ஐரோப்பியரைக் குறிக்க அரபியர் வழங்கிய ‘இஃப்ரன்ஜ்’ என்னும் சொல்லின் வழிவந்தது. ஆனால் அக்காய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். வான்கோழியை ஆங்கிலேயர் துருக்கியின் பெயரால் அழைக்கிறார்கள்; துருக்கியரோ ‘ஹிந்தி’ என்று நம் நாட்டின் பெயரால் அழைக்கிறார்கள்; எகிப்தியர் ரோமானியச் சேவல் என்கிறார்கள்; அதுவும் அமெரிக்கப் பறவையே. மிளகாய்க்கு நாம் மிளகின் பெயரைச் சூட்டினோம். அதுவும் அங்கிருந்து போர்த்துகீசியர் வாயிலாக வந்ததே. அவள் தந்தையின் நிலமெல்லாம் விளைவது மக்காச்சோளம். பெயரில் மக்கா இருப்பினும், மெக்சிகோ நிலத்தில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பயிராக்கிய தானியம் அது. நாம் பெருமையோடு சொன்ன ‘இந்தியப் பேரீச்சை’யாகிய புளிகூட ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம் என்பதே தாவர நூலார் முடிவு. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறோம். எதனையும் விசாரித்து வைக்கவில்லை என்று சொல்லி நாம் சிரித்தோம்.

சிரித்தோமே அன்றி, அந்தச் சிரிப்பின் பாடம் எமக்கே உரியது என்று எண்ணவில்லை.

டிசம்பரில் உறவினர் சிலர் வந்திருந்தனர். முன்கூடத்தில் பேச்சு நடந்தது. அமெரிக்கப் பெண்ணைப் பற்றி விசாரித்தார்கள். நாம் அவளைப் புகழ்ந்தோம். அதன் பின், கூட்டத்தைக் கண்டால் சொற்பொழிவாற்றும் பழக்கம் எம்மை விடவில்லை. “பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் அவர்கள் நாட்டில் என்ன இருக்கிறது? செல்வம் இருக்கிறது, சுற்றம் இல்லை. பெற்றோர் முதுமை எய்தினால் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துக் கைவிட்டுவிடுவார்கள். தாயின் காலடியில் சுவனம் என்று நம்புகிற நமக்கு அது விளங்காது” என்று முழங்கினோம். உறவினர் தலையசைத்தார்கள். உள்ளே எம் மகளோடு அமர்ந்து அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகே தெரிந்தது.

அன்றிரவு பாடநேரத்தில் அவள் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள். “ஹஜ்ரத், கைவிடுதல் என்றால் பிடித்திருந்த கையை விட்டுவிடுவதுதானே?” ஆம் என்றோம். அவள் சிறிது நேரம் எழுதவில்லை. பிறகு, “என் பாட்டி அப்படி ஒரு விடுதியில்தான் இருக்கிறார். என் அம்மா தினமும் வேலை முடிந்து அங்கே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டிக்கு அம்மாவை யார் என்று தெரியாது. அது கைவிடுதலா, ஹஜ்ரத்?” என்றாள்.

அவள் குரலில் சினமில்லை. இலக்கண ஐயம் கேட்பது போலவே கேட்டாள். ஆறாண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள் என்பதையும், மறதிநோய் முற்றி, ஒரு பனிக்கால இரவில் வெறுங்காலோடு வயற்காட்டுக்குள் போய்விட்ட பாட்டியை விடியற்காலையில் கண்டெடுத்தார்கள் என்பதையும், அதன் பின்னரே விடுதியில் சேர்த்தார்கள் என்பதையும் அவள் சொன்னாள். நாம் மன்னிப்புக் கேட்டோம். ஆயினும், ‘பொதுவாகச் சொன்னோம்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டோம். அந்தச் சேர்க்கை தேவையில்லாதது. அதனை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

ஜனவரி மாதம் ஒரு விடியற்காலை. ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது பின்கட்டு அறையில் விளக்கெரிந்தது. எம் துணைவியார் அவளை அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பாட்டி மறைந்துவிட்டதாகத் தொலைபேசிச் செய்தி. தாய் அவளைப் புறப்பட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பனி, நெடுந்தொலைவு, அடக்கம் முடிந்துவிடும்.

என்ன செய்வதென்று எமக்குத் தோன்றவில்லை. பெண்களுக்குத் தோன்றிற்று. முற்பகலுக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிற்று. முதலில் அடுத்த வீட்டிலிருந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. பிறகு எதிர்வீட்டு நாடார் குடும்பத்திலிருந்து ஒரு தூக்கில் ரசம். பேக்கரிக்காரர் ரொட்டி கொடுத்தனுப்பினார். அன்று எம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாளும் எரியவிடவில்லை. எவரும் கண்டிராத ஒரு முதியவளுக்காக, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நிகழ்ந்த ஒரு மரணத்துக்காக, மதுரைச் சந்தொன்றின் வீடுகள் உணவு சமைத்து அனுப்பின.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (629) மூத்தாப் போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் வீரமரணம் எய்திய செய்தி வந்தபோது, அவர்தம் குடும்பத்தார் துயரில் ஆழ்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எம் தெருப் பெண்களுள் பலர்க்கு அந்த நபிமொழியின் அறிவிப்பாளர் வரிசை தெரியாது. அதனால் என்ன? நபிமொழி அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டம்மையாருக்கு அது வேறு வழியில் தெரிந்திருந்தது.

அந்த மாணவி வரிசையாக இருந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இரண்டு நாட்களில் முதல் முறையாகத் தானே பேசினாள். “இப்பொழுது எங்கள் ஊரிலும் என் அம்மாவின் சமையலறை இப்படித்தான் இருக்கும்” என்றாள். அவர்கள் ஊரிலும் துக்க வீட்டாரைச் சமைக்க விடமாட்டார்களாம். அக்கம்பக்கத்தார் பெரிய கண்ணாடித் தட்டுகளில் உணவைச் சுட்டு, மூடிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார்கள். தட்டு யாருடையது என்று தெரிவதற்காக அடியில் ஒரு துண்டு நாடா ஒட்டி அதில் பெயர் எழுதியிருப்பார்கள். பாட்டியின் பெயர் எழுதிய நாடாத் துண்டு ஒட்டிய தட்டுகள் அந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போய்வந்தனவாம்.

எம் துணைவியார் சிரித்துக்கொண்டே ஒரு தூக்கைத் திருப்பி அதன் விளிம்பைக் காட்டினார்கள். அங்கே பெயர் வெட்டியிருந்தது. எல்லாப் பாத்திரங்களிலும் பெயர் இருந்தது. மாணவி ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் தமிழ் கற்றதன் பயன் அன்று அந்தப் பெயர்களைப் படிப்பதாய் அமைந்தது. பிறகு எம் வீட்டுப் பித்தளைச் சட்டி ஒன்றை எடுத்தாள். அதன் விளிம்பிலும் ஒரு பெயர். படித்துவிட்டு, “இது யார், அம்மா?” என்றாள்.

எம் துணைவியார் எம்மைப் பார்த்தார்கள். “எமது தாயார்” என்றோம்.

“அவர் எங்கே இருக்கிறார்?”

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் தங்கியிருந்த பின்கட்டு அறை எம் தாயாரின் அறை. அவள் படுத்திருந்த கட்டில் எம் தாயாரின் கட்டில். ஓராண்டுக்கு முன், முழங்கால் வலி மிகுந்ததால், சில வாரங்கள் இருந்துவிட்டு வரட்டும் என்று திருமங்கலத்துக்கு அப்பால், தே.கல்லுப்பட்டிச் சாலையிலுள்ள சிற்றூரில் வாழும் எம் தமக்கையாரிடம் கொண்டுபோய் விட்டோம். சில வாரங்கள் சில மாதங்களாயின. மாதந்தோறும் பணம் அனுப்பினோம். பெருநாட்களில் போய் முகம் காட்டினோம். அறை காலியாக இருந்தது என்று மேலே எழுதினோமே, அது இப்படித்தான் காலியாயிற்று.

“எம் தமக்கையார் வீட்டில்” என்றோம். அவள் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. “நாம் போய்ப் பார்க்கலாமா?” என்றாள், அவ்வளவுதான்.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பலாகாது என்று எம் துணைவியார் சொல்லிக்கொடுக்க, அவள் ஒவ்வொன்றிலும் சிறிது சர்க்கரையிட்டு, பெயரைப் படித்துப் படித்து வீடு வீடாகப் போய்க் கொடுத்துவந்தாள். பாட்டி ஊரிலும் அப்படித்தானா என்று எம் மகள் கேட்டதற்கு, “இல்லை, எங்கள் ஊரில் கழுவிக் கொடுத்தால் போதும். உங்கள் வழக்கம் எங்கள் வழக்கத்தைவிட நல்லது” என்றாள். அவள் எதனையும் முகத்துக்காகச் சொல்பவள் அல்லள் என்பதை அறிந்திருந்தோம். ஆகவே அப்பாராட்டை மகிழ்ந்து ஏற்றோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பேருந்தேறினோம். திருமங்கலத்தைக் கடந்ததும் கரிசல் நிலம் இருபுறமும் விரிந்தது. பருத்தி, இடையிடையே அறுவடைக்குக் காத்து நிற்கும் மக்காச்சோளம். அவள் சாளரத்தின் வழியே தலையை நீட்டியவள், ஊர் வரும் வரை உள்ளே இழுக்கவில்லை.

எம் தாயார் திண்ணையில் இருந்தார்கள். ஸலாம் உரைத்தோம். பதிலுரைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். “யார் இந்தப் பிள்ளை?” என்றார்கள். அமெரிக்கா என்றோம். “அது எவ்வளவு தூரம்?” என்றார்கள். ஒரு நாள் முழுதும் வானூர்தியில் வரவேண்டும் என்றாள் அவள். எம் தாயார் வியந்தார்கள். “ஒரே நாள்தானா? மதுரையிலிருந்து வருவதற்கே மாதக்கணக்காகிறதே” என்றார்கள்.

எம்மைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்ட சொல் அன்று அது. எண்ணிப் பார்த்துச் சொன்னது. ஆதலின்தான் அதற்கு எம்மிடம் விடையில்லை.

அவள் திண்ணையில் எம் தாயாரின் அருகே அமர்ந்து அவர்களின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை. எம் தாயாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ‘இந்தப் பிள்ளைக்கு யாராவது மௌத்தாகிவிட்டார்களா?’ என்று எம் தமக்கையாரிடம் மெல்லக் கேட்டார்கள். எமக்கு விளங்கக் கால் ஆண்டு பிடித்தது, எம் தாயாருக்கு ஒரு நாழிகையில் விளங்கிற்று.

மாலையில் தமக்கையாரின் கொல்லைக்குப் போனோம். ஆளுயரத்துக்கு மேல் நின்ற மக்காச்சோளத்துக்குள் அவள் நுழைந்தாள். காய்ந்த தோகை உரசும் ஒலி மட்டும் கேட்டது. சிறிது நேரம் கழித்து வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. “எங்கள் வீட்டு ஒலி” என்றாள். அவள் பாட்டி வழிதவறி நின்ற காடும் இத்தகையதுதானே என்று எமக்கு அப்பொழுதே நினைவு வந்தது. எம் தாயார் திண்ணையிலிருந்தபடியே, “உங்கள் ஊரிலும் மக்காச்சோளம் உண்டா?” என்று கேட்டார்கள். “உண்டு, பாட்டி. நிறைய உண்டு” என்றாள். அது எந்தக் கண்டத்துப் பயிர் என்னும் சொற்பொழிவை நாம் நிகழ்த்தவில்லை. சில நேரங்களில் மௌனமும் கல்விதான்.

மார்ச் மாதம் எம் தாயாரை மதுரைக்கு அழைத்து வந்தோம். மாணவி தானே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எம் மகளின் அறைக்கு மாறிக்கொண்டாள். புறப்படும் வரை இருந்த வாரங்களில், மாலை தோறும் அவள் பாடம் பயின்றது எம்மிடத்தில் அன்று, பின்கட்டு அறையில். எம் தாயாரிடம் அவள் கற்ற தமிழை எந்தக் கழகத்திலும் கற்பிக்க இயலாது. எம் தாயார் அவளிடம் கற்றது, நாடு என்பது மனிதர்களால் ஆனது என்பதை. அதனை அவர்கள் முன்னரே அறிந்திருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

அவள் சென்று ஆண்டுகள் சில ஆகிவிட்டன. எம் தாயாரும் அதன் பின் மூன்றாண்டுகள் எம்மோடு வாழ்ந்து, அதே கட்டிலில் இறைவனடி சேர்ந்தார்கள். அவர்களின் இறுதி நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பேறு எமக்குக் கிட்டிற்று. அஃது எம் தகுதியால் கிட்டியதன்று. ஒரு விருந்தினள் கேட்ட இலக்கண ஐயத்தால் கிட்டியது.

பரங்கிப் பணியாரம் சுட்ட தட்டை அவள் போகும்போது எம் துணைவியாரிடம் விட்டுச் சென்றாள். அதன் அடியில் ஒரு துண்டு நாடா. அதில் தமிழ் எழுத்தில் அவள் பெயர். எண்ணெயும் சூடும் பட்டு எழுத்துச் சற்று மங்கியிருக்கிறது. எடுத்துவிடலாமா என்று ஒருநாள் இளைய மகன் கேட்டான். வேண்டாம் என்றோம். பெயருள்ள பாத்திரம் உரியவரிடம் திரும்ப வேண்டியது. அவளது தாயாரின் கைகளில் அதனைக் கொடுக்கும் நாள் ஒன்று வருமாயின், வெறுமையாய்க் கொடுக்கலாகாது. ஒரு சிட்டிகை சர்க்கரையேனும் இட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அந்நாளை இறைவன் எமக்கு நல்குவானாக.